இடப்பக்கத்துக் காயம்

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசைக்கு றீற்றா கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது குருநகருக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்காது. பெரிய வெள்ளியன்று எங்கள் பகுதி முழுவதும் கறுப்புத்தான். ஆனால் ஞாயிறு விடிந்தால் அவ்வளவும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அன்று கோயில் நிறைய மஞ்சளும் நீலமும் றோசுமாக, கடை மடிப்புக் கலையாத சேலைகள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருத்தி கறுப்போடு வந்து முழந்தாளிட்டால் அதற்கு ஒரே பொருள்தான். அவள் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது.

றீற்றா என் தம்பி சேவியரின் மனைவி. தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாமல் சில வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. அம்மா விட்டுப்போன வீட்டில் அவளும் நானுமாக இரண்டு பெண்கள் இருக்கிறோம். இத்தனை வருடமும் அவள் தாலியைக் கழற்றவில்லை, பூப்போட்ட சேலையை விடவில்லை. அதற்காக இந்தப் பகுதி அவளைக் கதைக்காத கதை இல்லை.

உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு வாசலில் பைகளைச் சோதிக்கிற பொலிஸ்காரப் பெண் அவளுடைய கைப்பையைத் திறந்து பார்த்தாள். செபப்புத்தகம், கைலேஞ்சி, ஒரு புகைப்படம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளே எனக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்த மூப்பர் பாக்கியநாதர் குனிந்து என் காதுக்குள் கேட்டார். கோயில் காரியம் எதுவானாலும் முன்னுக்கு நிற்கிற மனிதர். குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார். மூன்று வாங்குக்குக் கேட்கும்.

"ரீச்சர், வீட்டிலை ஆரும் மோசம் போயிட்டினமோ?"

"ஓம்," என்றேன்.

"ஆர்?"

நல்ல வேளையாகப் பூசை மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம்.

பின்னறையில் கிடந்த படம்

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல நான் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

கரவெட்டிப் பள்ளிக்கூடத்தில் நான் சித்திரம் படிப்பித்த காலத்தைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். 'படம் கீறுகிற நீங்கள் படத்தைப் பற்றி ஒரு வரி எழுதாமல், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்களே' என்று. நியாயமான குறைதான். அவருக்காக இந்த வாரம் ஒரு படம்.

தவக்காலம் தொடங்கிய கிழமை, எங்கள் பங்குச் சுவாமி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். இளம் சுவாமி. வந்த நாள் முதல் எதையாவது துப்புரவு செய்துகொண்டே இருப்பார். கோயிலின் பின்னறையில், உடைந்த மெழுகுதிரித் தண்டுகளுக்கும் கை போன சுரூபங்களுக்கும் பின்னால், சட்டம் போட்ட ஒரு பழைய படத்தைக் கண்டெடுத்திருந்தார். கண்ணாடியில் ஒரு மூலை வெடித்திருந்தது. கரையானுக்கு எப்படித் தப்பியது என்பது பரலோகத்துக்குத்தான் வெளிச்சம்.

முன்னொரு காலத்தில் இங்கே இருந்த வெள்ளைக்காரச் சுவாமி ஒருவர் கொண்டுவந்தது என்பது கதை. கோயில் கூரை விழுந்த காலத்திலும், ஊரோடு எல்லோரும் இடம்பெயர்ந்த காலத்திலும் அது அங்கேயே கிடந்திருக்கிறது.

இறந்த இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கித் தாயின் மடியில் கிடத்தியிருக்கிறார்கள். ஒருத்தி தலைமுடியை விரித்துவிட்டுக் காலடியில் கிடக்கிறாள். இன்னொருத்தி இரண்டு கைகளையும் மேலே எறிந்து கத்துகிறாள். எங்கள் செத்தவீடுகளில் நான் எத்தனையோ தடவை கண்ட கைகள். ஆணி பிடுங்கிய குறட்டோடு ஒரு கிழவர் நிற்கிறார். பின்னால் வெறும் சிலுவை, அதில் சாத்திய ஏணி. நிறம் ஒரு பொட்டும் இல்லை. எல்லாம் கோடு. மயிரளவு கோடுகள், ஆயிரமாயிரம்.

ஐரோப்பாவில் ஏறத்தாழ ஐந்நூறு வருடங்களுக்கு முன் இப்படிப்பட்ட படங்களைச் செப்புத் தகட்டில் வெட்டினார்கள். கூரான சிற்றுளியால் தகட்டைக் கோடு கோடாகக் கீறி, மை தடவி, துடைத்துவிட்டு, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்துவார்கள். கீறின பள்ளத்தில் தங்கிய மை தாளுக்கு ஏறும். பணக்காரன் வீட்டில் எண்ணெய் வர்ணப் படம் தொங்கிய காலத்தில், ஏழைபாழைகள் சுவரில் ஒட்டிவைத்து அழுதது இந்தத் தாள்களைப் பார்த்துத்தான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாயின் கன்னத்தில் ஒரு துளி இருந்தது. செப்புத்தகட்டுக்காரன் கண்ணீரை வெட்ட முடியாது. சுற்றியிருக்கிற கன்னத்தை முழுக்க நிழலாக வெட்டிவிட்டு, ஒரு துளி அளவுக்கு மட்டும் தகட்டைத் தொடாமல் விட்டிருக்கிறான். அந்த வெறும் தாள்தான் கண்ணீர்.

"பெரிய வெள்ளிக்கு ஆண்டவரைக் கிடத்திற ஆசந்திக்குப் பக்கத்திலை இதை வைப்பம் ரீச்சர்," என்றார் சுவாமி.

"வைக்கேலாது," என்றார் மூப்பர்.

வலமா இடமா

மூப்பரின் குற்றச்சாட்டு இதுதான். ஆண்டவரை ஈட்டியால் குத்தியது வலது விலாவில். எங்கள் கோயிலில் உள்ள அத்தனை சுரூபங்களுக்கும் காயம் வலப்பக்கம். இந்தப் படத்திலோ காயம் இடப்பக்கம்.

"உது பிழையான படம் சுவாமி. அதுதான் அந்தக் காலத்துச் சனம் பின்னறைக்குள்ளை போட்டிருக்குதுகள்."

நான் சுவாமியின் மேசையில் இருந்த கோயில் முத்திரையை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி மூப்பரிடம் காட்டினேன்.

"இதிலை கோயிலின்ரை பேரை வாசியுங்கோ பாப்பம்."

"எழுத்தெல்லாம் மாறிக் கிடக்கு."

தாளில் ஒரு குத்துக் குத்தினேன். எழுத்து நேராக வந்தது. அச்சு என்றால் அப்படித்தான். தகட்டில் வலம் என்றால் தாளில் இடம். கெட்டிக்காரன் இதை யோசித்து முதலிலேயே மாற்றி வெட்டுவான். ஆனால் ஒருவன் வெட்டிய படத்தைப் பார்த்து இன்னொருவன் நகல் வெட்டும்போது, கண்ணில் கண்டபடியே தகட்டில் கீறிவிடுவான். தாளில் எடுத்தால் முழுப் படமும் பக்கம் மாறி வரும். எங்கள் கையில் இருந்தது அப்படி ஒரு நகல். குறடு பிடித்த கிழவரைப் பார்த்தாலே தெரியும், இடக்கையர். பின்னால் ஏணியை அணைத்துப் பிடிக்கிறவனும் இடக்கையன்.

சுவாமி முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை எடுத்துவந்து படத்துக்கு முன் பிடித்தார். கண்ணாடிக்குள் காயம் வலப்பக்கம் போனது. எல்லோரும் சோற்றுக்கையால் வேலை செய்தார்கள்.

"அப்ப கண்ணாடியையும் பக்கத்திலை தூக்குவமோ?" என்று கேட்டார் மூப்பர். பகிடியா உண்மையா என்று அந்த மனிதரிடம் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

படத்தை வைப்பது என்று முடிவாயிற்று. நான் வென்ற மிதப்பில் வீட்டுக்கு நடந்தேன். மத்தியான வெயில். கரையில் வள்ளங்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அந்த மிதப்பு வீட்டு வாசல் மட்டும்தான் வந்தது.

சட்டைப் பை

எங்கள் வீட்டு மண்டபத்தில் இரண்டு சுவர்கள். ஒன்று செத்தவர்களின் சுவர். அப்பா, சித்தப்பா, போன மாரியில் போன அம்மா, எல்லோரும் மாலையோடும் சின்னச் சிவப்பு விளக்கோடும் அங்கே இருக்கிறார்கள். எதிரே உயிரோடு இருக்கிறவர்களின் சுவர். தம்பியின் படத்தை அம்மா அந்தப் பக்கத்துச் சுவரிலேயே வைத்திருந்தாள். கடைசிவரை மாற்ற விடவில்லை.

அவனுக்கு மீசை அரும்பிய வயதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெரிய கடைப் பக்கம் இருந்த ஒரு ஸ்ரூடியோவில் எடுத்தது. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, கம்பம் நட்ட மாதிரி விறைப்பாக நிற்கிறான். முன்கையில் பச்சை குத்திய சிலுவை தெரிகிறது. திருவிழாக் கடைத்தெருவில் வந்திருந்த பச்சைக்காரனிடம் குத்திக்கொண்டு வந்து அப்பாவிடம் அடி வாங்கினான் என்று பிறகு சொன்னார்கள். நான் அப்போது ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன். படத்தில் சிலுவை வலது கையில் இருந்தது. ஆகவே என் ஞாபகத்திலும் அது வலது கை.

செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். அந்த அரைமணி நேரமாக வலம் இடம் என்றே பார்த்துக்கொண்டிருந்த கண், தம்பியின் சட்டையைப் பார்த்தது.

சட்டைப் பை வலது மார்பில் இருந்தது.

எந்தத் தையல்காரன் ஆணுக்கு வலது மார்பில் பை வைப்பான்? பொத்தானைப் பார்த்தேன். அதுவும் பெண்கள் சட்டை மாதிரி மறுபக்கம் மூடியிருந்தது. ஸ்ரூடியோக்காரன் பிலிமைக் கவிழ்த்து வைத்துப் பிரதி போட்டிருக்கிறான். இத்தனை வருடமாக அந்தச் சுவரில் எங்கள் தம்பி பக்கம் மாறி நின்றிருக்கிறான். படம் படிப்பித்துச் சம்பளம் வாங்கிய நான் ஒருநாளும் அதைக் காணவில்லை.

சிலுவை அவனுக்கு இடது கையில் இருந்திருக்கிறது.

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அந்த உடல்

ஏன் என்று சொல்ல வேண்டும்.

மயிலிட்டித் துறைமுகம் மறுபடி தொழிலுக்குத் திறந்த பிறகு தம்பி அங்கே ஒரு படகில் ஏறத் தொடங்கினான். எங்கள் பக்கம் பரவைக்கடல், முழங்காலளவு தண்ணீர், அங்கே ஆழ்கடல். ஒரு மாரியில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவரின் உடல் அடுத்த நாள் கிடைத்தது. தம்பியின் உடல் கிடைக்கவில்லை.

சில நாள் கழித்து மயிலிட்டிக்குக் கிட்ட ஒரு உடல் கரையொதுங்கியது. முகம் என்று ஒன்று மிச்சமில்லை. ஆண், நடுவயது, கையில் சிலுவை பச்சை. குருநகரில் கையில் சிலுவை குத்தாத தொழிலாளி அருமை. ஆகவே அது அவனாகவும் இருக்கலாம், வேறு யாராவதாகவும் இருக்கலாம். எந்தக் கை என்பதுதான் கேள்வி.

ஆசுப்பத்திரிக்குப் போனவர்கள் சித்தப்பாவும் அம்மாவும் றீற்றாவும். நான் கரவெட்டியில் பரீட்சை மண்டபத்தில் நின்றேன். சித்தப்பா பிண அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். அம்மா வெளி வாங்கில், சுவரில் இருந்து கழற்றிய இந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே போனவள் றீற்றா ஒருத்திதான்.

வெளியே வந்து சொன்னாள், "இது இவர் இல்லை" என்று. பச்சை இடது கையில் இருந்தது என்றாள். அம்மா படத்தைக் காட்டி, "என்ரை பிள்ளைக்கு வலது கை, என்ரை பிள்ளைக்கு வலது கை" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாளாம். நான் பின்னேர பஸ்சில் வந்து சேர்ந்தபோது அம்மா சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் சாப்பிட்டேன். அப்படி ஒரு நிம்மதி.

அந்த உடலை யாரும் கேட்டு வரவில்லை. மயிலிட்டிப் பக்கத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள் என்று கேள்வி.

இப்போது விளங்குகிறதா? சிலுவை இடது கையில் இருந்த மனிதனை, எங்கள் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஒரு சட்டைப் பையைப் பார்க்காமல் போனதற்காக என் தம்பி பெயரில்லாமல் மண்ணுக்குள் போயிருக்கிறான். இதை றீற்றாவுக்கு எப்படிச் சொல்வது? உன் புருசனை உன் வாயாலேயே அந்நியன் என்று சொல்லிவிட்டாய் என்று ஒரு பெண்ணிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அவன் அங்கே யாரோவாகவே கிடப்பான்.

அடுத்த நாள் கொம்பியூட்டர்க் கடைக்குப் போய்ப் படத்தைத் திருப்பி ஒரு சின்னப் பிரதி எடுத்தேன். கடைக்காரர் ஏதோ ஒரு விசையை அழுத்தினார். தம்பி மறுபக்கம் திரும்பினான். பை இடது மார்புக்குப் போனது, சிலுவை இடது கைக்குப் போனது, தலைவகிடும் மாறியது. எனக்கு அந்த முகம் பிடிபடவே இல்லை. வெளியூரில் உத்தியோகம் பார்த்தவளுக்கு வீட்டுச் சுவர்தான் ஞாபகம். சுவர் பிழையாக இருந்தால் ஞாபகமும் பிழைதான்.

அழுவதற்கு ஒரு நாள்

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

அன்று கடலுக்கு ஒருவரும் போவதில்லை. கோயில் மணி அடிக்காது. மரத்தட்டைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். கை மடங்குகிற மரச் சுரூபம் ஒன்று இருக்கிறது. பின்னேரம் அதைச் சிலுவையில் இருந்து ஆணி கழற்றி இறக்கி, வெள்ளைத் துணி சுற்றி, ஆசந்தியில் கிடத்துவார்கள். ஆசந்தி என்றால் பாடை. அதைச் சுற்றிப் பெண்கள் இருந்து பசாம் பாடுவார்கள், பாடுகளின் புலம்பல். பாட்டாகத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அது ஒப்பாரி ஆகிவிடும். அங்கே அழுகிறவர்கள் எல்லோரும் ஆண்டவருக்காக மட்டும் அழுகிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். செல் விழுந்து போன பிள்ளைக்கு அழுகிறாள் ஒருத்தி. பிடித்துக்கொண்டு போய்த் திரும்பிவராத மகனுக்கு அழுகிறாள் இன்னொருத்தி. ஆளுக்கொரு உடல் அந்த மரத்துக்குள் கிடக்கிறது.

றீற்றா மட்டும் அழுததில்லை. தம்பி போன பிறகு ஒரு பெரிய வெள்ளிக்கும் அவள் கண்ணில் ஈரம் கண்டவர் கிடையாது. தூணோடு சாய்ந்து நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவாள். "கல்லு நெஞ்சுக்காரி" என்றார்கள். "புருசன்ரை சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைச்சுக்கொண்டு பூச்சேலை கட்டுறாள்" என்றார்கள். கோப்பை கழுவி வைத்தது அம்மா. அது யாருக்கும் வேண்டாத விசயம்.

படத்தின் வெடித்த கண்ணாடியை மாற்ற நான் கோயிலுக்குப் போனபோது அவளும் துணைக்கு வந்தாள். கண்ணாடி இல்லாத படத்துக்கு முன்னால் குந்தி இருந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாக் கீறியிருக்கிறான்," என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"குடுத்துவைச்சவ," என்றாள்.

"ஆர்?"

"மாதா. மடியிலை கிடத்திப் பாக்கக் குடுத்துவைச்சவ."

என் பைக்குள் தம்பியின் திருத்திய படம் இருந்தது. அந்த இடத்திலேயே எடுத்து நீட்டியிருப்பேன். கை வரவில்லை.

மயிலிட்டி மீன்

றீற்றாவைப் பற்றி ஒரு பகிடி எங்கள் வீட்டில் உண்டு. மாதத்தில் ஒரு நாள் அவள் பஸ் ஏறி மயிலிட்டிக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவாள். கரையில் வீட்டை வைத்துக்கொண்டு, வாசலில் வள்ளம் வந்து இறங்க, மீன் வாங்க வெளியூர் போகிற ஒரே பெண் குருநகரில் இவள்தான் என்று அம்மாவும் நானும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். "அங்கத்தை மீன் வேறை ருசி மாமி," என்பாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம். அவள் குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மயிலிட்டி மீன்தான். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"றீற்றா, உனக்கு ஒண்டு சொல்லவேணும். சுவரிலை இருக்கிற தம்பியின்ரை படம்..."

அவள் படத்தை ஒரு தரம் பார்த்தாள். கத்தி நிற்கவில்லை.

"பை பிழையான பக்கம் கிடக்கு. அதுதானே? கலியாணம் செய்து வந்த கிழமையே கண்டனான்," என்றாள்.

"கண்டனியோ? அப்ப அந்த உடல்..."

"அவரோடை எத்தினை வருசம் படுத்தெழும்பினனான். எந்தக் கையெண்டு எனக்குப் படத்தைப் பாத்தே தெரியவேணும்?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"உள்ளுக்குப் போன உடனை கண்டிட்டன். கையைக் கண்டன், காலிலை அந்த நெருப்புச் சுட்ட தழும்பைக் கண்டன். இவர்தான். சொல்லுவமெண்டுதான் வெளியிலை வந்தனான். மாமி படத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு எழும்பி வந்தா. 'வலது கைதானே பிள்ளை? வலது கைதானே?' எண்டு. அவ என்னைக் கேக்கேல்லை மச்சாள். கெஞ்சினவ. வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது."

அவளே சொன்னாள்.

"நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவமெண்டு நினைச்சன். அண்டைக்கு அவ சோறு தின்னத் தொடங்கினா. பேந்து எப்பிடிச் சொல்லுறது? அடுத்த கிழமை மயிலிட்டிக்குப் போனன். அங்கத்தைச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை எல்லாத்தையும் சொன்னனான். அவர் வெளியிலை வாய் திறக்கேலாது. தெரிஞ்சுகொண்டும் தெரியாதமாதிரி இவருக்கு ஒரு சிலுவை நாட்டிவிட்டார். பேரில்லை. நான் மாசத்திலை ஒருக்காப் போய்த் திரி கொளுத்திப்போட்டு வாறனான். வெறுங்கையோடை வந்தா மாமி கேப்பா. அதுதான் மீன்."

சட்டியில் கிடந்த மீனைப் பார்த்தேன். எத்தனை மாதம் அந்த மீனைத் தின்று, ருசி பார்த்து, அவளைப் பகிடி பண்ணியிருக்கிறோம்.

"அம்மா போய் எத்தினை மாசமாச்சுது. என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே?"

"உங்களிட்டையோ?" என்று கேட்டாள். கோபமே இல்லாத குரல். "வாசல் படலை சத்தம் கேட்டால் நீங்கள்தானே மச்சாள் முதல் ஆளா எழும்பிப் பாக்கிறனீங்கள்."

உண்மை. அம்மா செத்த பிறகும் நான் அப்படித்தான் எழும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு மாதம் வாய்பொத்தித் திரிந்தவள் நான். என்னைக் காப்பாற்ற அவள் எத்தனையோ வருடமாக வாய்பொத்தியிருக்கிறாள். ஊர் சொன்ன அத்தனை சொல்லையும் பூச்சேலைக்கு மேலே வாங்கிக்கொண்டு.

நான்தான் அழுதேன். அவள் மீன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, படத்தை என்னிடமிருந்து வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

பெயரில்லாத சிலுவை

அந்தச் சனிக்கிழமை காலையே இரண்டு பேரும் மயிலிட்டிக்குப் போனோம். சேமக்காலையின் கடற்கரைப் பக்க மூலையில் அவன் கிடந்தான். சின்னச் சீமெந்துச் சிலுவை. சுற்றிவர வெள்ளைச் சிப்பி பதித்திருந்தாள். காற்றுக்குத் திரி அணையாமல் இருக்க, அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றைக் கவிழ்த்து வைக்க ஆயத்தமாக அங்கேயே ஒளித்துவைத்திருந்தாள். வீட்டுக் குசினியில் சாமான் எடுக்கிற மாதிரி, பார்க்காமலே கையை விட்டு எடுத்தாள்.

நான் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. தம்பி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இனிப் படலைச் சத்தத்துக்கு எழும்பத் தேவையில்லை என்று நினைத்தபோதுதான் அவன் எனக்குச் செத்தான்.

அடுத்து வந்த பெரிய வெள்ளியன்று செப்புத்தகட்டுப் படம் ஆசந்தியின் தலைமாட்டில் இருந்தது. மூப்பரே பூ வைத்தார். பசாம் தொடங்கி இரண்டாவது பாட்டிலேயே தூணோடு நின்ற றீற்றா நிலத்தில் விழுந்தாள். மரச் சுரூபத்தின் இடது கையைப் பிடித்து முகத்தில் அப்பிக்கொண்டு அவள் அழுத அழுகையில், பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிற்பாட்டிவிட்டார்கள். ஆண்டவருக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அன்று எல்லோரும் கறுப்பில் நின்றார்கள், அவளும் நின்றாள். வித்தியாசம் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

மூப்பரின் கேள்வி

பூசை முடிந்து வெளியே வந்தோம். வெயிலில் புதுச்சேலைகள் பளபளத்தன. பாக்கியநாதர் வாசலில் வழிமறித்து நின்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், காதைத் தீட்டிக்கொண்டு.

"ரீச்சர், நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லேல்லை. ஆர் மோசம் போனது?"

றீற்றா கைப்பையைத் திறந்து படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மூப்பர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவர் தம்பியோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த மனிதர்.

"உது எங்கடை சேவியரெல்லோ," என்றார். "அப்பிடியே இருக்கிறான்."

"ஓம்," என்றாள் றீற்றா. "இவர்தான்."